வெக்கை என்றொரு நோய் இருந்தது

2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள் எம் ஊர்ச் சந்தியிலுள்ள கடைச் சுவரில் அறிவித்தல் ஒன்று ஒட்டப்பெற்றிருந்தது. கறவை வளர்ப்போர் கவனத்துக்கு என்று தொடங்கிய அத்தாளின் நடுவே, பருத்த எழுத்தில், ‘லம்பி ஸ்கின் டிசீஸ்’ என ஆங்கில நோய்ப்பெயரொன்று தமிழெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒற்றைப் பசுவை வைத்துப் பால் விற்றுச் சீவிக்கும் அயல்வீட்டு அம்மையார் அத்தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “பண்டிதர் ஐயா, இந்த மருந்து எந்தக் கடையிலை வாங்கலாம்?” என்பது அவர் கேள்வி. நோயின் பெயரை மருந்தின் பெயரென்று அவர் கொண்டுவிட்டார். நகைத்தற்கு அதில் ஒன்றுமில்லை. அவர் பசுவின் கழுத்திலும் தொடையிலும் அப்பொழுதே கழலைகள் எழத் தொடங்கியிருந்தன.

அந்நோய் வடமாகாணத்திற்கு அவ்வாண்டிலேதான் வந்தது. புது நோய்க்குப் பழம்பெயர் இராது என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் ‘கழலை’ என்ற சொல் நம்மிடம் இருக்கின்றதே! ‘மாட்டின் தோலில் கழலை எழும்பும் நோய், கடிக்கும் ஈயும் நுளம்பும் இதனைப் பரப்பும்’ என்று ஒரு வரி எழுதியிருப்பின், அம்மையார் தம் பசுவைப் பத்து நாள் முன்னரே பிரித்துக் கட்டியிருப்பார். எழுதியவரைக் குறை கூறுவது என் கருத்தன்று. அவருக்குத் தமிழ் கற்பித்தவர்கள் எம் போன்றோரே அல்லவா?

அன்றுதொட்டு, மாடுகளைப் பீடித்த வேறொரு கொள்ளை நோயின் வரலாறு என் நெஞ்சில் அடிக்கடி எழுகின்றது. அதனை ஆங்கிலேயர் ஜெர்மன் சொல்லைக் கடன்வாங்கி ‘ரின்டர்பெஸ்ட்’ என்பர். மாட்டுக் கொள்ளைநோய் என்பது அதன் பொருள். தமிழகத்து உழவர் ‘வெக்கை’ என்றனர். வெக்கையாவது வெப்பம். நோயின் முதற்குறி கடுங்காய்ச்சல் ஆதலின், கண்டவர் கண்டபடியே வைத்த பெயர் அது. காய்ச்சலின்பின் கண்ணும் மூக்கும் ஒழுகும். வாயினுள் புண் தோன்றும். பின்னர்க் கழிச்சல் மிகும். நோய் கண்டு பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் மாடு சாயும். நோயறியா மந்தையொன்றிற் புகுந்தால் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு மாடுகளைக் கொண்டுபோகும்.

இந்நோய் இன்று இல்லை. 2011 ஆம் ஆண்டில் உலக விலங்குநல நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் இந்நோய் உலகினின்று முற்றாக ஒழிந்தது என அறிவித்தன. மனிதன் இதுவரை வேரோடு களைந்த கொள்ளைநோய்கள் இரண்டேயாம்: ஒன்று 1980 இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை, மற்றையது இவ்வெக்கை. முன்னதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். பின்னதை ஆசிரியருள்ளும் அறிந்தோர் சிலரே. என் வகுப்பில் உயர்தர உயிரியல் பயிலும் மாணவன் ஒருவனை வினவினேன். வைரசின் புறவுறையில் என்னென்ன புரதம் உண்டென அவன் பிழையின்றி ஒப்புவித்தான். வெக்கை என்றால் என்ன என்றதற்கு, “வெயில் சேர்” என்றான்.

மாடு செத்தால் மனிதனுக்கு என்ன என்று கேட்போர் எதியோப்பிய வரலாற்றைப் படித்தல் வேண்டும். 1887 ஆம் ஆண்டளவில் இத்தாலியப் படையினர் செங்கடற்கரையிலுள்ள மசாவாத் துறையில் இறக்கிய மாடுகளோடு இந்நோய் ஆபிரிக்காவின் கிழக்குக் கொம்பிற் புகுந்தது. அம்மாடுகள் இந்தியாவினின்று வந்தவை என்பர். நோய் மனிதரைத் தீண்டாது. ஆனால் ஏர் இழுக்க எருது இல்லை. எருது இல்லாமையால் உழவு இல்லை. உழவு இல்லாமையால் விதைப்பும் இல்லை. 1888 தொடக்கம் 1892 வரை நிலவிய பெரும்பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என மதிப்பிடுவர். பத்தாண்டுகளுக்குள் நோய் தென்முனை வரை சென்றுவிட்டது. மாடே உணவும் மாடே செல்வமுமாக வாழ்ந்த மசாய் மக்கள் அக்காலத்து அழிவை ‘எமுத்தாய்’ எனப் பெயரிட்டு இன்றும் நினைவுகூர்வர். துடைத்தழித்தல் என்பது அதன் பொருளாம். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே பொருள் கொண்டவர் நம் முன்னோர். ஆதலின் இதனை நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்தறியாக் காலத்தில் இந்நோய்க்கு எதிராக அரசுகள் அறிந்த வழி துவக்கு ஒன்றே. இலக்கிய அன்பர்கள் லெனார்ட் வூல்வ் என்பாரை அறிவர். காட்டினிடையுள்ள சிற்றூர் ஒன்றின் அழிவை 1913 இல் நாவலாக எழுதியவர் அவர். அதற்கு முன், 1908 தொடக்கம் 1911 வரை, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். அக்காலத்தில் அங்கு வெக்கை பரவியது. மாடுகளைக் கட்டிவைக்கும்படி கட்டளை பிறந்தது. கட்டாக்காலியாய்த் திரிந்த நோய் மாடுகளை அவரே சுட்டுக் கொல்ல நேர்ந்தது. தம் நன்மைக்காகவே செய்யப்படுவது என்பதை ஊரவர் உணரவில்லை; உணர்த்துதற்கு அவரிடம் சொல்லும் இருக்கவில்லை. மக்கள் தம்மை வெறுத்ததை அவர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காது எழுதியுள்ளார். அந்நாவலிலே காணும் கசப்பில் ஒரு பங்கு இம்மாடுகளின் குருதியினின்று வந்தது என்பது என் எண்ணம். திறனாய்வாளர் உடன்படாவிடினும் குறையில்லை.

இனி வோல்டர் பிளௌரைட் என்பவரைப் பற்றிக் கூறுவேன். 1923 இல் இங்கிலாந்தின் லிங்கன்சயரில் பிறந்தவர். மிருக வைத்தியம் பயின்று 1944 இல் பட்டம் பெற்றவர். அவர் குடிப்பெயரின் பழம்பொருள் கலப்பை செய்பவன் என்பதாம். உலகின் ஏர்மாடுகளைக் காத்தவனுக்கு இப்பெயர் வாய்த்தது தற்செயலே. எனினும் சொல்லாராயும் தொழிலுடைய எனக்கு அதனைக் கூறாது செல்ல மனம் ஒப்பவில்லை.

அவர் 1956 இல் கென்யாவின் நைரோபிக்கு அணித்தான முகுகா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அவருக்கு முன் தடுப்பு மருந்தே இல்லை என்பதன்று. இமயச் சாரலில் உள்ள முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920 களில் வெக்கை வைரசை ஆடுகளினூடே மீண்டும் மீண்டும் செலுத்தி அதன் கொடுமையைக் குறைத்தார். இந்திய மாடுகள் பல அம்மருந்தால் உய்ந்தன. ஆனால் வலிகுன்றிய இனங்களை அம்மருந்தே கொன்றதும் உண்டு. காக்க வந்தது கொல்வதாயின் ஊரவன் தன் மாட்டை எவ்வாறு நீட்டுவான்?

அக்காலத்தில் அமெரிக்காவில் எண்டர்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வைரசுகளை உயிருள்ள விலங்கிலன்றிக் கண்ணாடிக் குழாயில் வாழும் இழையங்களில் வளர்க்கும் முறையைக் கண்டிருந்தனர். 1954 இல் சின்னமுத்து வைரசை அவ்வாறு வளர்த்தனர். சின்னமுத்தும் வெக்கையும் ஒரே குலத்தன. மாட்டினின்று மனிதனுக்குத் தாவிய முன்னோன் ஒன்றிலிருந்தே சின்னமுத்துத் தோன்றியது என்றும், அது ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்கலாம் என்றும் 2020 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. பிளௌரைட்டும் அவர் துணைவர் பெரிசும் கென்யாவின் கபேற்றேயில் முன்னர்ப் பிரித்தெடுக்கப்பட்ட கொடிய வெக்கை வைரசைக் கன்றின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்தனர். ஒரு குழாயில் வளர்ந்ததை எடுத்து மறு குழாயில் இடுவர். அதில் வளர்ந்ததை எடுத்து மற்றொன்றில் இடுவர். இவ்வாறு ஏறத்தாழத் தொண்ணூறு முறை. கண்ணாடியுள் வாழப் பழகிய வைரசு மாட்டைக் கொல்லும் வன்மையை இழந்தது. ஆயின் மாட்டின் உடலுக்குத் தன்னை அடையாளங் காட்டும் தன்மையை இழக்கவில்லை. ஒரே ஊசி, வாழ்நாள் முழுதும் காவல். சினைமாட்டுக்கும் இடலாம், எவ்வினத்துக்கும் இடலாம், செய்யும் செலவும் சிறிது. தொண்ணூறு முறை ஒரே செயலைச் செய்யும் பொறுமையை, ஏடு பெயர்த்தெழுதிய நம் பழம் புலவரிடத்தன்றி வேறெங்கும் யான் கேட்டதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையிராது. 1962 இல் ஆபிரிக்காவில் கூட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. 1976 வரை 22 நாடுகளில் கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி இடப்பட்டது. நோய் மறைந்தது போலத் தோன்றியது. பணமும் கவனமும் வேறிடம் சென்றன. ஒதுக்குப்புறங்கள் சிலவற்றில் ஒளிந்திருந்த வைரசு 1980 களின் தொடக்கத்தில் மீண்டும் எழுந்து நைசீரியா முதலிய நாடுகளிற் பெருநாசம் விளைத்தது.

நம் தீவின் அனுபவமும் வேறன்று. நெடுங்காலம் இங்கில்லாதிருந்த நோய் 1987 இல் மீண்டும் வந்தது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது எனக் கருதுவர். 1994 இலேயே இலங்கையில் அது கடைசியாகக் காணப்பட்டது. இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது 1995 இல், தமிழகத்து வட ஆர்க்காட்டுப் பகுதியில்.

சிறந்த மருந்து கையிலிருந்தும் நோய் மீண்டமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வெப்பம். வெக்கை வைரசு வெப்பத்திற்கு ஆற்றாது. காய்ச்சலை விளைக்கும் உயிர் தான் காய்ச்சலைத் தாங்காது என்பது விந்தையே. மருந்திலுள்ள வைரசு உயிரோடிருந்தாலன்றிப் பயனில்லை. ஆகவே முகுகாவினின்று பாலைநிலத்து மந்தை வரை மருந்தைப் பனிக்கட்டியிலேயே கொண்டுசெல்லல் வேண்டும். குளிர்ப்பெட்டியும் மண்ணெண்ணெயும் வண்டியும் வீதியும் வேண்டும். நோய் ஒளிந்திருந்த இடங்களோ இவை ஒன்றுமில்லாத இடங்கள்.

இவ்விடத்திலேதான் உணவு இரசாயனம் துணைக்கு வந்தது. மிருக வைரசுக்கும் அடுக்களைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். நீர் உள்ள பண்டம் கெடும். உலர்ந்த பண்டம் கெடாது. இதனை வற்றல் போடும் எந்தத் தாயும் அறிவாள். ஆனால் வெயிலில் உலர்த்தினால் வைரசு இறந்துவிடும். எனவே உறையவைத்து, காற்றையெல்லாம் உறிஞ்சிய வெற்றிடத்தில் வைப்பர், பனிக்கட்டி நீராகாது நேரே ஆவியாகிப் பதங்கமாகும், எஞ்சுவது பொடி. கடையில் வாங்கும் உடனடிக் கோப்பித்தூளுள் ஒருவகை இம்முறையாற் செய்யப்படுவதே. ஆயினும் நீர் நீங்கும்போது வைரசின் புரதங்கள் தம் வடிவிழந்து குலையும். அதனைத் தடுக்க, உலர்த்துமுன் இரு பொருள்களைக் கலப்பர். ஒன்று கரும்புச் சர்க்கரை. மற்றையது பால் திரைந்தபின் எஞ்சும் தெளிநீரிலுள்ள புரதத்தைச் சிதைத்துப் பெறுவது. சர்க்கரை நீர் இருந்த இடத்தில் தான் நின்று புரதங்களைத் தாங்கி, கண்ணாடிபோல் இறுகிக் காக்கும். பாகில் ஊறிய பழம் கெடாதிருத்தல் வேறு காரணத்தால் ஆயினும், சர்க்கரையைக் காவலுக்கு வைக்கும் அறிவு இரண்டிற்கும் பொதுவே.

பிளௌரைட்டும் கூட்டாளிகளும் உலர்த்திய மருந்தின் நிலைபேறு பற்றி 1970 இலேயே ஆராய்ந்து எழுதினர். 1980 களின் இறுதியில் அமெரிக்கராகிய ஜெப்ரி மரினர், பிளௌரைட்டின் வைரசை வேறொரு கலத்தில் வளர்த்து, பாற்புரதமும் சர்க்கரையுஞ் சேர்த்து, முன்னையிலும் நெடுநேரம் உலர்த்தி, 37 பாகை வெப்பத்தில் ஒரு திங்களுக்கு மேலும் கெடாத மருந்தாக்கினார். பசுவைக் காத்த மருந்தைப் பாலிலிருந்து எடுத்த பொருள் காத்தது. குளிர்ப்பெட்டி தேவையற்றுப் போயிற்று. மருந்துக் குப்பியைத் தோட்பையில் இட்டுக்கொண்டு நடந்தே செல்லலாம்.

நடப்பவர் யார்? பட்டம் பெற்ற மிருக வைத்தியர் அல்லர். எதியோப்பியாவின் அபார் நிலத்திலும், உகண்டாவின் கரமோஜாவிலும், போர் நடந்துகொண்டிருந்த தென் சூடானிலும், மாடு மேய்ப்போரே பயிற்சி பெற்றுத் தம்மவர் மாடுகளுக்கு ஊசி இட்டனர். அதனினும் மேலான உதவி ஒன்றையும் அவர்கள் செய்தனர். இறுதிக் காலத்தில் சோமாலியரின் மேய்ச்சல் நிலங்களில் வெக்கை கொடுமை குறைந்து, இலேசான கண்ணொழுக்கும் காய்ச்சலுமாக மாறுவேடத்தில் திரிந்தது. ஆய்வுகூடத்தார்க்கு அது புலப்படவில்லை. மேய்ப்போரோ, ஒவ்வொரு நோய்க்கும் தமக்கெனப் பெயர் வைத்திருந்தனர். எந்தக் கோடையில், எந்தக் கிணற்றடியில், எத்தனை வயதுக் கன்றுக்கு எது வந்தது என்பதைக் கூறினர். ஆராய்ச்சியாளர் தம் வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு, அவர்களோடு இருந்து, அவர்கள் சொல்லாலேயே வினவக் கற்றனர். அச்சொற்களைப் பின்தொடர்ந்தே கடைசி இருப்பிடங்களைக் கண்டறிந்தனர். 2001 இல் கென்யாவின் மேரு வனத்துக் காட்டெருமைகளில் காணப்பட்டதே இறுதி.

பிளௌரைட்டுக்கு 1999 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. மருத்துவப் பரிசு அன்று, உணவுப் பரிசு என்பதை நோக்குக. நோய் ஒழிந்தது என்னும் அறிவிப்பைக் கேட்க அவர் இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2010 பெப்ரவரியில், காலமானார்.

பிளௌரைட்டின் பெருமையைக் குறைத்தற்கு இவையெல்லாம் கூறவில்லை. ஆனால் நம் நாட்டில் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதுவோர், ஆய்வுகூடத்தில் ஒருவர் ஒன்றைக் கண்டார், உலகம் உய்ந்தது என்றவாறு கதை முடிக்கின்றனர். அது பாதிக் கதை. மருந்து பிறந்து நாற்பதாண்டு கழித்தே நோய் ஒழிந்தது. இடையிற் குறைவுபட்டிருந்தவை இரண்டு: வெப்பந் தாங்கும் வழியும், மேய்ப்போனிடம் பேசும் வழியும். முன்னதைச் சர்க்கரையும் பாற்புரதமும் கொடுத்தன. பின்னது மொழிபற்றியது, ஆதலின் எம்மைப் பற்றியது.

பிராசீன பாடசாலை மரபில் வந்த எம் போன்றோர் விஞ்ஞானத் தமிழ் என்றவுடன் கலைச்சொல்லாக்கத்தையே நினைக்கின்றோம். வைரசு என்பதா, நச்சுயிரி என்பதா, தீநுண்மி என்பதா என்று அரைநாள் வாதிடுவோம். அச்சொல் இலத்தீனில் நஞ்சு என்று பொருள்படுவதை எடுத்துக்காட்டி ஒருவர் நச்சுயிரிக்கு வாக்களிப்பார். யானும் அவ்வாறு வாதிட்டவனே. இன்று என் கருத்து வேறு. வைரசு வைரசாகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அது விளங்கிவிட்டது. பிள்ளைகளின் தந்தையர்க்கு விளங்கும் சொற்களையே நாம் இழந்துகொண்டிருக்கின்றோம். ஊரில் மாடு வைத்திருந்த என் பெரியப்பா, மாட்டின் நோய்க்குப் பன்னிரண்டு பதின்மூன்று பெயர் சொல்வார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியைச் சுட்டும். யான் அப்பொழுது இலக்கண நூலில் ஆழ்ந்திருந்தேன். அவர் இறந்து இருபதாண்டாகின்றது. அப்பெயர்களுள் நான்கே என் நினைவில் உள்ளன. சங்க நூற்களில் ஆநிரை கவர்தலை விரித்துரைக்கும் யான், ஆநிரையின் நோய்ப்பெயரைக் கேட்டெழுதாமல் விட்டேன். இதனைவிட எனக்கு வேறு குற்றச்சாட்டு வேண்டுவதில்லை.

மிருக வைத்தியப் பகுதியினர்க்கும் ஒரு சொல். நோய் அறிவித்தலை வெளியிடுமுன், எழுத வாசிக்கத் தெரிந்த மாடு வளர்ப்போர் இருவருக்கு அதனைக் காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் எனக் கேளுங்கள். செலவில்லாத சோதனை இது. பாடநூல் எழுதுவோர்க்கும் ஒரு சொல்: பெரியம்மை ஒழிந்த கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்குகின்றீர்கள், அதனருகே வெக்கை ஒழிந்த கதைக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். அதிற் பிளௌரைட்டின் பெயரோடு தென் சூடானில் தோட்பையுடன் நடந்தவர்களும் இடம்பெறட்டும்.

இங்கிலாந்தின் பேர்பிரைட் நிலையத்தில் வைத்திருந்த வெக்கை வைரசுத் தொகுதியை, அதன் மரபுக் குறிகளைப் பதிந்தெடுத்தபின், 2019 இல் அழித்துவிட்டனர். வேறு சில நாடுகளின் ஆய்வுகூடங்களில் அது பூட்டுக்குள் இருக்கின்றது.

அயல்வீட்டு அம்மையாரின் பசு பிழைத்தது. கழுத்தில் வடுக்கள் உள. பாலும் முன்போல் இல்லை. அந்நோய்க்கு இப்பொழுது அவர் தாமாகவே ஒரு பெயர் வைத்திருக்கின்றார்: ‘கொப்புளிப்பான்’. இலக்கணம் பார்த்து யான் ஒன்றுங் கூறவில்லை. குறிப்பேட்டில் பெரியப்பாவின் நான்கு பெயர்களுக்குக் கீழே அதனை எழுதிக்கொண்டேன். தத்தம் ஊரில் மாட்டு நோய்களுக்கு வழங்கும் பெயரும் குறியும் அறிந்த அன்பர்கள், சிறப்பாக ஆசிரியர்கள், இப்பகுதிக்கு எழுதியனுப்பின் என் குறிப்பேட்டின் எஞ்சிய பக்கங்கள் நிரம்பும்.